தூக்கிச் செல்ல முடியாத கூரை: வன்னியின் பழைய பிளாட்டுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் போரால் இடம்பெயர்ந்தவர்கள் வீட்டுக் கூரையையும் கழற்றிக்கொண்டுதான் போனார்கள். 2008இல் மன்னார்ப் பக்கமிருந்து கிளிநொச்சிக்கும், பிறகு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கேயும் நகர்ந்த சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிய சாமான்களில் தகரமும் ஓடும் கைமரமும் இருந்தன. போகிற இடத்தில் ஒரு கொட்டில் போடுவதற்கு அவைதான் முதல் தேவை. கிடுகுக் கூரைகள் அடுத்த மாரியோடு உக்கிப் போயின. கொங்கிரீட் கூரையை மட்டும் யாராலும் தூக்கிப்போக முடியவில்லை.

அதனால்தான் ஏ9 வீதியை விட்டு இறங்கி ஒரு பழைய குடியேற்றத் திட்டத்துக்குள் போனால், 1990க்கு முன் கட்டியதில் கூரையோடு நிற்பது அநேகமாக ஒரு பிளாட், அதாவது தட்டையான கொங்கிரீட் கூரை, போட்ட கட்டடமாக இருக்கும். வாய்க்கால் ஓரத்து நீர்ப்பாசன விடுதி, கூட்டுறவுச் சங்கக் கடை, நெற்களஞ்சியத்தின் அலுவலக அறை, அரிசி ஆலை, கொஞ்சம் வசதியான ஒருவர் தன் ஓட்டு வீட்டுக்கு முன்னால் ஒட்டிப் போட்ட போர்ட்டிக்கோ. அழகு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. நாலைந்து அங்குலத் தடிப்பில் தட்டையாகக் கிடக்கும். யன்னலுக்கு மேலே சன்சேட் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே போய்ப் பார்த்தால் பாசியும் ஒரு ஆலங்கன்றும் நிற்கும்.

இவற்றை மரபுரிமை என்று எவரும் எண்ணுவதில்லை. ஒரு நாள் அடிப்பக்கத்திலிருந்து ஒரு துண்டு விழும், உள்ளே கறள் பிடித்த கம்பி தெரியும், 'இது இனிச் சரிவராது, இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுவம்' என்று முடிவாகிவிடும். சில கட்டடங்களுக்கு அது சரியான முடிவுதான். ஆனால் இடிக்கப்படுகிற பிளாட்டுகளில் கணிசமானவை திருத்தி எடுக்கக்கூடியவை என்பதே என் கட்சி. கம்பி வெளியே தெரிவது நோயின் அடையாளம். அந்த நோய் எதனால் வந்தது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கம்பி ஏன் உள்ளே வந்தது

கொங்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுவையில் அதன் பலம் அமுக்கத்தில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஓர் அறைக்கு மேலே தட்டையாகக் கிடக்கும் பிளாட் தன் பாரத்தாலேயே நடுவில் கொஞ்சம் தொய்ய முயலும். அப்போது மேற்பக்கம் அமுக்கப்படும், அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுவையை ஏற்கத்தான் அடிப்பக்கத்தில் கம்பி. முழு வித்தையும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயர் போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்தார். கம்பியைச் சேர்த்துப் பெயர் வாங்கியவர்களில் ஒருவர் ஜோசப் மோனியே. அவர் பொறியியலாளர் அல்ல, பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்காரர். சீமெந்துப் பூந்தொட்டி வெடிக்காமலிருக்க உள்ளே கம்பிவலை வைத்தார், 1867இல் அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். தூண், வளை (பீம்), தட்டு எல்லாவற்றையும் ஒரே உடம்பாக வார்க்கும் முறையை பிரான்ஸுவா எனெபிக் 1892இல் பதிவு செய்தபிறகு அது உலகெங்கும் பரவியது. போலந்தின் இன்றைய விரோட்ஸ்வாஃப் நகரில் 1913இல் 65 மீற்றர் விட்டமுள்ள ஒரு கொங்கிரீட் கும்மட்டத்தையே எழுப்பிவிட்டார்கள். பூந்தொட்டிக்கும் அதற்கும் இடையில் அரை நூற்றாண்டு கூட இல்லை.

இதில் இயற்கை தந்த அதிர்ஷ்டம் இரண்டு. இரும்பும் கொங்கிரீட்டும் வெயிலில் ஏறக்குறைய ஒரே அளவுக்கு விரிகின்றன. ஆகவே வைகாசி வெயிலில் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டு போவதில்லை. மற்றது, புதுக் கொங்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரத்துக்குள் கிடக்கும் இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று தானாகவே உண்டாகி, கறளைத் தடுத்து வைத்திருக்கும். இந்த இரண்டாவது அதிர்ஷ்டத்துக்கு ஒரு தவணை உண்டு என்பது அப்போது பலருக்கும் தெரியாது.

வன்னிக்கு இது மெதுவாகத்தான் வந்தது. 1905இல் ரயில் காங்கேசன்துறை வரை ஓடியது, இரணைமடுக் குள வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. குளமும் பாதையும் வந்தாலும் சாதாரணக் கட்டடங்களுக்கு ஓடும் கிடுகும்தான். 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. சீமெந்து கப்பலில் வரவேண்டிய சாமான் என்ற நிலை போய், பரந்தனுக்கு லொறியில் அரைநாளில் வந்து இறங்கும் சாமான் ஆனது. மணலுக்குக் கனகராயன் ஆறும் பேராறும் இருந்தன. சல்லிக்கு, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லைப் போலன்றி, இங்கே நல்ல கருங்கல். பழைய வன்னிப் பிளாட் ஒன்றை உடைத்துப் பார்த்தால் கல் உடையாமல் சீமெந்தை விட்டுப் பிரிந்து வரும். கல்லில் பிழையே சொல்ல முடியாது.

ஒரு பிளாட் போட்ட நாள்

இந்தக் கூரைகளின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அவற்றை வார்த்த அந்த ஒரு நாளிலேயே முடிவாகிவிட்டன. அதனால் அந்த நாளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கலவை 1:2:4. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லி. மெஷின் இல்லாத இடத்தில் தகரத்தின் மேலோ தரையை இறுக்கியோ மண்வெட்டியால் புரட்டிக் கலந்தார்கள். தண்ணீருக்குக் கணக்கு இல்லை, கைப்பழக்கம்தான். தண்ணீர் கூடினால் கலவை இலகுவாக ஓடும், தூக்குகிறவருக்கும் பரப்புகிறவருக்கும் சுகம். ஆனால் மேலதிகத் தண்ணீர் பின்னர் ஆவியாகி, போன வழியெல்லாம் நுண்துளைகளை விட்டுச்செல்லும். கீழேயிருந்து மேலே வரை ஆட்கள் வரிசையாக நின்று தாச்சியைக் கைமாற்றுவார்கள். அதிரவைக்கும் மெஷின் கிடையாது; கம்பியால் குத்திக் குத்தித்தான் இறுக்குவது. குத்துப்படாத மூலைகளில், குறிப்பாகக் கம்பிகள் நெருங்கிக் கிடக்கும் வளையின் அடியில், சல்லி மட்டும் தெரிகிற பொந்துகள் விழும். சட்டரிங்கை (கலவையைத் தாங்கி நின்ற பலகை அச்சை) கழற்றிய அன்றே அதைச் சாந்தால் பூசி மறைத்துவிடுவார்கள். இன்றைக்கு அடிப்பக்கம் எங்கே முதலில் பெயர்கிறதோ அங்கே தட்டிப் பாருங்கள், பூச்சுக்குப் பின்னால் அந்தப் பொந்து இருக்கும்.

பிளாட் போடுகிற நாள் வீட்டுக்கு ஒரு கொண்டாட்டம். ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடு. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பாதி பரப்பிவிட்டு எல்லோரும் சாப்பிட இறங்கினால், வெயிலில் அந்த விளிம்பு இறுகிவிடும். பிறகு வந்து கொட்டும் புதுக் கலவை அதோடு சரியாகப் பிடிக்காது. அந்த இணைப்புக் கோட்டால் பின்னர் மழைத்தண்ணீர் இறங்கும். பழைய பிளாட்டுகளின் அடியில் சுவருக்குச் சுவர் நேராக ஓடும் வெள்ளைப் படிவுக் கோடு ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அதை மத்தியானச் சாப்பாட்டுக் கோடு என்று நான் சொல்வதுண்டு. அது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அநேகமாகப் பிளாட்டின் பலத்துக்கு ஆபத்தானது அல்ல. தண்ணீரை நிறுத்தினால் போதும்.

ஆபத்தானது சன்சேட். சன்சேட் சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்பது. அங்கே தொய்வு முனையில், இழுபடுவது மேற்பக்கம். ஆகவே கம்பி மேலே கிடக்க வேண்டும். கொட்டுகிற நாளில் ஆட்கள் கம்பியின் மேல் ஏறி நடப்பார்கள், மேலே கட்டிய கம்பி மிதிபட்டுக் கீழே இறங்கிவிடும், அப்படியே கொங்கிரீட் மூடிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. முப்பது நாற்பது வருடம் கழித்து, சுவரோரமாக மேற்பக்கத்தில் நேர்கோடாக ஒரு வெடிப்பு வரும். அதைக் கீழே நின்று பார்க்க முடியாது, ஏணி வைத்து ஏறினால்தான் தெரியும். கூரைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அறைக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்துவது இதனால்தான் போதாது. உள்ளே உதிர்கிற பிளாட் அநேகமாக முன்கூட்டிச் சொல்லிவிட்டு உதிரும். கம்பி இறங்கிய சன்சேட் ஒரு மழைநாளில் சொல்லாமல் விழும்.

எல்லாக் குறைக்கும் நடுவில் வன்னிக்காரர் நன்றாகச் செய்த வேலை ஒன்றும் உண்டு. பிளாட்டைச் சுற்றி மண்ணால் வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கி வைப்பது. ஏழு நாளாவது ஈரம் காயாமலிருந்தால்தான் சீமெந்து முழுப் பலத்தை எட்டும். வயலில் வரம்பு கட்டிப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கம்பியைப் பார்த்து வயது சொல்லலாம்

பழைய கடிதம், வரைபடம் எல்லாம் போரில் போய்விட்ட பிரதேசத்தில் ஒரு கட்டடத்தின் வயதை எப்படி அறிவது? பிளாட் தானே சொல்லும். வெளியே தெரியும் கம்பி வழவழப்பான உருளையாக, நுனியில் தூண்டில் மாதிரி வளைத்து விடப்பட்டிருந்தால் அது பழைய காலத்து வேலை. வழவழப்பான கம்பி கொங்கிரீட்டுக்குள் வழுக்காமலிருக்க அந்த வளைவு தேவைப்பட்டது. முறுக்கிய கம்பியும் வரிக்கம்பியும் வந்தபின் அந்தப் பழக்கம் குறைந்தது. கறள் படாத இடமாகப் பார்த்து அளந்தால் எட்டில் மூன்று, அரை அங்குலம் என்ற கணக்கு வருகிறதா, 10, 12 மில்லிமீற்றர் வருகிறதா என்பதும் ஒரு தடயம். அடிப்பக்கத்தில் சட்டரிங் பலகையின் நாரும் ஆணித்தலையும் அச்சாகப் பதிந்திருக்கும்; இன்றைய பிளைவுட் அந்த அச்சை விடாது. பூசி மறைக்காத ஒரு அடிப்பக்கம் கிடைத்தால் அதைப் பூசிவிடாதீர்கள்.

வன்னியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது வேறெங்கும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. தடைப்பட்ட சாமான்களில் சீமெந்தும் இரும்பும் இருந்தன. காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. ஆகவே வன்னியின் உட்பகுதியில் ஒரு பிளாட்டைக் கண்டால் அது 1990க்கு முந்தியதாகவோ, 2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 திறந்து 2006 ஓகஸ்டில் மூடப்படும் வரையான சில வருடங்களுக்கு உரியதாகவோ, 2009க்குப் பிந்தியதாகவோ இருக்கத்தான் சாத்தியம் அதிகம். இடைப்பட்ட காலத்தில் சீமெந்து ஒரு பை கிடைத்தாலே கிணற்றுக் கட்டுக்குத்தான் போயிருக்கும். பதுங்குகுழிக்கு மேலே போட்டது பனங்குற்றி, மண்மூட்டை, வவுனியாவுக்கு வடக்கே கழற்றிய தண்டவாளம், சிலிப்பர்க் கட்டை. ரயில் திரும்ப யாழ்ப்பாணம் போய்ச் சேர 2014 ஒக்டோபர் ஆனது.

2009க்குப் பிறகு ஒரு புது ஆபத்து வந்தது, பழைய இரும்பு. மீளக்குடியேறிய ஊர்களில் உடைந்து கிடந்த பிளாட்டுகளைச் சம்மட்டியால் நொறுக்கிக் கம்பியை எடுத்து நிறுத்து விற்றார்கள். குறை சொல்ல மாட்டேன். கையில் வருமானம் எதுவும் இல்லாத நாட்கள் அவை. ஆனால் திருத்தியிருக்கக்கூடிய சில கூரைகளும் அதோடு போயின.

கறள் எப்படி வருகிறது

காரத்துக்குத் தவணை உண்டு என்றேன் அல்லவா? காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு கொங்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் மெதுவாகப் புகுந்து, அந்தக் காரத்தைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிக்கொண்டே உள்ளே போகும். அந்த முகப்பு கம்பியை எட்டியதும் காப்புப் படலம் போய்விடும். அதற்குப் பிறகு தண்ணீரும் ஒட்சிசனும் கிடைத்தால் கறள் தொடங்கும்.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த முகப்பு நேர்விகிதத்தில் நகர்வதில்லை. காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நகரும். பத்து ஆண்டில் 10 மில்லிமீற்றர் போயிருந்தால், 20 மில்லிமீற்றர் போக நாற்பது ஆண்டு வேண்டும். திருப்பிச் சொன்னால், கம்பிக்குக் கீழே 20 மில்லிமீற்றர் கொங்கிரீட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் 10 மட்டும் இருந்தால், காப்புக் காலம் பாதியாகக் குறையாது, கால்வாசியாகக் குறையும். கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய சிறு சீமெந்துக் கட்டைக்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட கற்துண்டை வைத்த, அல்லது ஒன்றுமே வைக்காத, ஒரே ஒரு இடத்தில்தான் முதலில் உதிர்கிறது. பக்கத்திலேயே, அதே நாளில் அதே கலவையில் வார்த்த பகுதி நல்லாகவே இருக்கும். ஒரு துண்டு விழுந்ததை வைத்து முழுக் கூரையும் போய்விட்டது என்று சொல்வது ஏன் அவசரம் என்பது இப்போது விளங்கும்.

வன்னியின் காலநிலை இதற்கென்றே செய்த மாதிரி. காபனீரொட்சைட்டு வேகமாக உள்ளே போவது கொங்கிரீட் ஓரளவு காய்ந்திருக்கும்போது. கம்பி கறள் பிடிப்பது நனைந்திருக்கும்போது. எப்போதும் காய்ந்த பாலைவனத்திலும் எப்போதும் ஈரமான இடத்திலும் இரண்டில் ஒன்றுதான் வேகமாக நடக்கும். இங்கே சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் காய்ந்த மாதங்களில் காற்று உள்ளே போகிறது; ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் இறங்குகிறது. வருடா வருடம் இரண்டு வேலையும் முறைவைத்து நடக்கின்றன.

கறள் இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். அது உப்பும்போது கொங்கிரீட்டின் அடித்தோலைத் தள்ளிப் பெயர்க்கிறது. முதலில் கம்பி ஓடும் திசையில் மெல்லிய வெடிப்பு, பிறகு மண்ணிறக் கசிவு, பிறகு துண்டு.

கரையோரத்தில் கதை வேறு. முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்ப் பக்கம் உப்புக்காற்று; கடல்மணலைக் கழுவாமல் போட்ட வேலைகளில் உப்பு உள்ளேயே இருக்கும். உப்பின் குளோரைட்டு காரம் போகும்வரை காத்திருக்காது. காரம் இருக்கும்போதே காப்புப் படலத்தை ஓட்டை போட்டு, கம்பியை ஓரிடத்தில் குழியாக அரிக்கும். உப்பல் குறைவு, ஆகவே வெளியே எச்சரிக்கையும் குறைவு. ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் இடிபாடுகள் இரு நோய்க்கும் போரின் அழிவுக்கும் ஒருங்கே சாட்சி. உட்பகுதிப் பிளாட்டுக்கும் கரையோரப் பிளாட்டுக்கும் ஒரே வைத்தியம் சொல்கிற ஒப்பந்தகாரரை நம்ப வேண்டாம்.

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. சிறு சுத்தியலால் அடிப்பக்கத்தை அடிக்கு அடி தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று கேட்கும், பெயர்ந்த இடம் பொள்ளென்று கேட்கும். சோக்கட்டியால் அந்த எல்லையைக் கீறிக்கொண்டே போனால் நோயின் வரைபடம் கூரையிலேயே வந்துவிடும். அப்புறம் ஓர் இடத்தைப் புதிதாக உடைத்து, பள்ளிக்கூட இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் இருக்கும் பினோல்ப்தலீனைத் தெளித்துப் பார்க்கலாம். காரம் உள்ள பகுதி சிவந்த ஊதாவாக மாறும், போன பகுதி நிறம் மாறாமல் கிடக்கும். கம்பி எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று கண்ணாலேயே காணலாம். உப்பை மட்டும் இது காட்டாது. அதற்குத் தூள் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்.

திருத்தமும் திருத்தம் என்ற பெயரில் நடப்பதும்

வழக்கமாக நடப்பது இதுதான். உதிர்ந்த இடத்தைக் கழுவி, கறளோடேயே சாந்து பூசி, பெயின்ற் அடிப்பார்கள். இரண்டு மாரி தாங்கும். மேலே ஒழுக்கு என்றால் இரண்டு அங்குலத்துக்குப் புதுச் சாந்துத் தட்டு ஒன்று போடுவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு மேலே ஐந்து அங்குலப் பிளாட் ஏற்கெனவே மூன்றேகால் தொன்னுக்கு மேல் பாரம். இரண்டு அங்குலம் கூட்டினால் இன்னும் ஒன்றேகால் தொன் ஏறும். கம்பி மெலிந்துகொண்டு போகிற கூரைக்கு வைத்தியம் என்று பாரத்தை ஏற்றுகிறோம். அதோடு ஆயிரம் லீற்றர்த் தாங்கியை நடுவில் தூக்கி வைப்போரும் உண்டு. அது தண்ணீரோடு இன்னொரு தொன்.

ஒழுங்கான வேலை அலுப்பானது. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். பெயர்ந்ததை மட்டுமல்ல, கம்பிக்குப் பின்னால் விரல் போகிற அளவுக்குக் கொங்கிரீட்டை உடைத்து, நல்ல இரும்பு தெரியும் இடம் வரை தொடர்ந்து போக வேண்டும். கம்பியைப் பளபளவென்று தேய்த்து, அதன் தடிப்பு எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க வேண்டும். கால்வாசிக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டியே ஆகவேண்டும். பிறகு காப்புப் பூச்சு, பிறகு சுருங்காத சாந்து, பிறகு அதற்கும் ஈரம். இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. உப்பு ஊறிய பிளாட்டில் ஓரிடத்தை மட்டும் நன்றாகத் திருத்தினால், அதைச் சுற்றியுள்ள பழைய பகுதி முன்பைவிட வேகமாகக் கறள் பிடிக்கும். நோய்ப்பட்ட இடம் அதுவரை பக்கத்துக் கம்பிக்கு மின்வேதியியல் முறையில் ஒரு காவலாக இருந்தது. அதைத் திருத்தியதும் காவல் போய்விடுகிறது. திருத்தத்தின் விளிம்பில் சிறு துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டிவிடுவது இதற்காகத்தான். கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும்.

இவ்வளவு செலவுக்கு வழியில்லை என்றால் தண்ணீரை நிறுத்துவதே பாதி வைத்தியம். காரம் போன கொங்கிரீட்டுக்குள் கூட, காய்ந்திருந்தால் கம்பி பெரிதாகக் கறள் பிடிக்காது. புரட்டாசி முடிவதற்குள் வேப்பஞ்சருகு அடைத்த தண்ணீர்க் குழாயைத் துப்புரவாக்குவது, ஆலங்கன்றை வேரோடு எடுப்பது, பள்ளம் விழுந்த இடத்தில் நீர் தேங்காமல் செய்வது. இன்னொன்று, பிளாட்டுக்கு மேலே இரண்டடி உயரத்தில் இலேசான சட்டம் அடித்துத் தகரம் போடுவது. மரபுரிமை பேசுகிறவர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், கட்டடத்தின் தோற்றம் கெடுகிறதாம். நான் இதற்கு ஆதரவு. மழையும் வெயிலும் பிளாட்டில் படாது, ஆனியில் இரவு பத்து மணிக்கும் இறங்காத அந்தச் சூடு குறையும், நாளைக்குக் காசு வந்தால் தகரத்தைக் கழற்றிவிடலாம். கழற்ற முடியாத இரண்டு அங்குலச் சாந்தைவிட இது எவ்வளவோ மேல்.

எரிந்த கட்டடங்களை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். கொங்கிரீட் 300 பாகை செல்சியசைத் தாண்டினால் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும். பலம் குறையத் தொடங்குவதும் அந்த அளவில்தான். புகைக்கரியைச் சுரண்டிவிட்டு உடைத்துப் பார்த்தால் சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும். தோல் மட்டும் என்றால் அதை நீக்கித் திருத்தலாம். கம்பியையும் தாண்டியிருந்தால் கெட்டித்தனம் காட்டாமல் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

எதை வைத்திருப்பது

1931இல் ஏதென்சில் கூடிய அறிஞர்கள் பழஞ்சின்னங்களைத் திருத்த நவீன உத்திகளை, குறிப்பாக வலுவூட்டிய கொங்கிரீட்டை, அளவறிந்து பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அன்றைக்கு அது மருந்து. 1913இன் அந்தப் போலந்துக் கும்மட்டம் 2006இலும் சண்டிகாரின் சட்டமன்ற, செயலக, உயர்நீதிமன்றக் கட்டடத் தொகுதி 2016இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. மருந்தே பராமரிக்க வேண்டிய நோயாளியாகிவிட்டது.

நம் சட்டம் அந்த இடத்துக்கு வரவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கோடு கீறியது 1815 மார்ச் 2இல், அதாவது கண்டி ஒப்பந்தத் திகதியில். அதற்குப் பிந்திய கட்டடத்துக்குத் தனியாக வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். (பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததைச் சொல்லும் கற்சிலைமடுக் கல்லில் உள்ள ஆண்டு 1803. வன்னிக்கு வரலாறு எந்தத் திகதியோடு முடிகிறது என்பதைக் கூடக் கண்டி பார்த்துத்தான் தீர்மானித்திருக்கிறோம்.) வன்னியில் வேலியும் அறிவிப்புப் பலகையும் போட்டு ஆட்கள் வந்து பார்க்க வைத்த கொங்கிரீட் ஒன்று இருந்தது. போரில் சாய்க்கப்பட்டுக் கிளிநொச்சி ஏ9 ஓரத்தில் பல ஆண்டுகள் கிடந்த நீர்த்தாங்கி. உடைந்ததைக் காட்சிப்படுத்தக் காசு இருந்தது. தண்ணீர் கொடுத்த, நெல் வைத்த, பிள்ளைகள் படித்த கூரைகளுக்கு இல்லை.

எல்லாப் பிளாட்டையும் வைத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் சந்தேகம் என்றால் முதலில் பிள்ளைகளை வெளியே எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. உப்பு ஊறிய கரையோரக் கட்டடங்களில் பலவற்றைத் திருத்துகிற செலவு புதிதாகக் கட்டுவதைவிடக் கூடும். ஆனால் உட்பகுதியில், குளத்தோடும் வாய்க்காலோடும் சேர்ந்து நிற்கும் நீர்ப்பாசன விடுதிகளும் ஆரம்பக் கூட்டுறவுக் கட்டடங்களும் வேறு கதை. அவை குடியேற்றத் திட்டம் என்ற முழு ஏற்பாட்டின் பாகம். அணையைப் புனரமைக்கும் திட்டம் வரும்போது அதே மதிப்பீட்டில் இந்தச் சிறு கூரைக்கும் ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல. தனியாக ஒரு மரபுரிமை நிதி வரட்டும் என்று காத்திருந்தால் அது வரப்போவதில்லை.

இடித்தே ஆகவேண்டியதை இடிக்கும் அன்றைக்காவது ஒரு அரை நாள் கொடுக்கலாம். அடிப்பக்கத்தைப் படம் எடுத்து, தடிப்பை அளந்து, கம்பி என்ன அளவு, எத்தனை அங்குல இடைவெளி, நுனி வளைந்திருக்கிறதா, அதன் கீழே எவ்வளவு கொங்கிரீட் இருந்தது, பினோல்ப்தலீன் எவ்வளவு ஆழத்தில் நிறம் காட்டியது என்று ஒரு தாளில் எழுதி, கைப்பிடி அளவு துண்டு ஒன்றையும் பிரதேச செயலகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலோ கொடுத்து வைக்கலாம். பத்துக் கட்டடத்துக்கு இப்படிச் செய்தால், பதினோராவது கட்டடத்தைத் திருத்தலாமா என்று கேட்கிறவருக்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்காது.